ஜரிகை மேல் ஓடுகிற மவுஸ்

அன்னத்துக்குத் தாடி முளைத்திருந்தது.

ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தான். சந்தேகமே இல்லை. கல்யாணப் புடவையின் முந்தானைக்காகக் கட்டம் கட்டமாக நிரப்பி அவன் வரைந்துகொண்டிருந்த அன்னப்பறவையின் அலகுக்குக் கீழே, சாமியார் தாடி போலக் கறுப்பாக ஒரு கொத்து தொங்கியது. அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை. மவுஸைக் கழுத்துப் பக்கம்தான் நகர்த்தினான். அம்புக்குறி தன்னிஷ்டத்துக்குத் துள்ளி, அலகடியில் குதித்துவிட்டு வந்தது.

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவது அவன் தொழில். முன்னறையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் முதலீடு. அவன் போட்டுக் கொடுக்கிற படத்தைப் பார்த்துத்தான் தறியில் டிசைன் விழச் செய்கிற ஜக்கார்டு அட்டைகளில் துளை போடுவார்கள். படத்தில் தாடி இருந்தால் புடவையிலும் தாடி இருக்கும். கார்த்திகை முகூர்த்தத்தில் ஒரு மணப்பெண் தோளில் தாடிக்கார அன்னத்தைச் சுமந்துகொண்டு மேடையேறுவாள். அந்த ஆர்டரைக் கொடுத்திருந்த பட்டு வியாபாரி வரதராஜன் அதன் பிறகு இவன் பெயரைச் சொல்லமாட்டார். சொன்னாலும் நல்ல விதமாகச் சொல்லமாட்டார்.

"பூஜை போட்ட மறுநாளே இப்படிப் படுத்துதே" என்று அவன் மவுஸைத் தட்டினான்.

முந்தின நாள்தான் ஆயுத பூஜை. ஜெயக்குமாரின் அப்பா மின்வாரியத்தில் இருந்தவர். வீட்டில் தறி கிடையாது, ஆகவே பூஜை என்றால் சைக்கிளுக்கு ஒரு பொட்டு, அரிவாள்மணைக்கு ஒரு பொட்டு. ஆனால் அவன் மனைவி காயத்ரி பிள்ளையார்பாளையத்தில் நாலு தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு இதுதான் அவளுக்கு முதல் ஆயுத பூஜை. அவன் குளித்துவிட்டு வருவதற்குள் கம்ப்யூட்டரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள். மவுஸ் மட்டும் தனி மரியாதையோடு, அரக்கு நிறத்தில் ஜரிகைப் புட்டா போட்ட ஒரு பட்டுத்துணியின் மேல், மணையில் உட்கார்ந்த மாப்பிள்ளை போல வீற்றிருந்தது.

"நீயே நெய்ஞ்சதா?" என்று கேட்டான்.

"ஆமாங்க. அம்மா வூட்டுக்குப் போறப்போல்லாம் கொஞ்சம் கொஞ்சமா உக்காந்து நெய்ஞ்சேன்."

ஜெயக்குமார் ஜரிகைப் புட்டாவை விரலால் தடவிப் பார்த்தான். மவுஸுக்கு விரிப்பு என்று கடையில் ரப்பரில் விற்பதைப் பார்த்திருக்கிறான். பட்டிலும் ஜரிகையிலும் ஒரு பெண் தன் புருஷனுக்காக நெய்து விரித்ததாக அவன் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

அதனால்தான் இன்று காலை அவள் காப்பியோடு வந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே, "என்னங்க, அது அங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டபோது, அவன் உருகிப்போய், "இருக்கட்டும் காயத்ரி. அது இனிமே இங்கதான் இருக்கும்" என்றான்.

காயத்ரி ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் போனாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான்.

குற்றவாளி பழைய மவுஸ்தான் என்று தீர்மானித்து அன்றே கடைக்குப் போனான். கடைக்காரர் சந்தோஷ்குமாருக்கு மவுஸ் என்றால் பிரசங்கம் செய்யும் அளவுக்கு விஷயம் தெரியும். வயர் உள்ளது, வயர் இல்லாதது, உள்ளங்கைக்கு அடங்குவது, உள்ளங்கையைத் தாங்குவது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, டிசைன் வேலைக்கு இதுதான் என்று ஏழு கலரில் விளக்கெரிகிற ஒன்றைக் கையில் கொடுத்தார். விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குவதாம், ரொம்பக் கூர்மையாம்.

கூர்மை என்றால் அப்படியொரு கூர்மை. பழையது துள்ளியது என்றால் புதியது பறந்தது. துணியின் மேல் வைத்ததும் அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி அங்கேயே நின்று நடுங்கியது. அன்னத்துக்கு மூன்றாவது கால் ஒன்று வால் பக்கத்தில் முளைத்தது.

வெறுத்துப்போய் மவுஸைத் தூக்கிப் பக்கத்தில் கிடந்த மாத இதழின் மேல் வைத்தான். அம்புக்குறி சமர்த்தாக, சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போயிற்று. மறுபடி துணியில் வைத்தான். பேயாட்டம். இதழில் வைத்தான். சமர்த்து.

ஜெயக்குமாருக்குப் புரிந்துவிட்டது. மவுஸின் வயிற்றிலிருந்து வருகிற வெளிச்சம் ஜரிகையில் பட்டு எகிறுகிறது. துணியை எடுத்தால் போதும். ஒரு நொடி வேலை.

அந்த ஒரு நொடி வேலையைத்தான் அவனால் செய்ய முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு சட்டை.

கல்யாணமான புதிதில் காயத்ரி அவனுக்கு ஆசையாக ஒரு சட்டை வாங்கி வந்தாள். கிளிப்பச்சை நிறம். "இதைப் போட்டுக்கினு ரோட்ல நின்னா, சிக்னல் விழுந்துட்டதுன்னு வண்டியெல்லாம் கிளம்பிடும்" என்று விளையாட்டாகச் சொன்னான். அதன் பிறகு அந்த வீட்டில் சாம்பார் இருந்தது, ரசம் இருந்தது, அப்பளம்கூட இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. அவள் கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்துவிட்டான். இனி இவள் எது கொடுத்தாலும் தலையில் வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்தான்.

ஆகவே துணி இருக்கும். துணிக்கு ஏற்ற மவுஸைத்தான் தேட வேண்டும்.

"ஜரிகை மேல ஓடற மவுஸ் இருக்குதா?" என்று சந்தோஷ்குமாரிடம் போய்க் கேட்டான்.

அவர் கையிலிருந்த மவுஸைக் கீழே வைத்தார். "காஞ்சிபுரத்துலயே கடை வெச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல சார். நீங்க பட்டுக்கடையிலதான் கேக்கணும்" என்றார். பிறகு மனமிரங்கி, துணியின் மேல் ஒரு கண்ணாடித் துண்டு போட்டுப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். போட்டான். கண்ணாடிக்கும் மவுஸுக்கும் ஆகவில்லை. அம்புக்குறி செத்தேபோயிற்று.

நண்பன் சத்யராஜ் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தான். வெளிச்சமே வேண்டாம், அந்தக் காலத்து மவுஸில் வயிற்றுக்குள் ரப்பர் உருண்டை ஓடும், அது கல்லிலும் ஓடும் என்று சொல்லித் தன் வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை எடுத்து வந்து கொடுத்தான். அது உண்மையிலேயே ஓடியது. ஜெயக்குமார் மகிழ்ச்சியில் தாடியை மழித்தான், மூன்றாம் காலை வெட்டினான். இறகுகளுக்கு வந்தபோது மவுஸ் கடக்கென்று நின்றது. தூக்கிப் பார்த்தால், உருண்டை ஒரு ஜரிகை இழையைக் கவ்வி உள்ளே சுருட்டிக்கொண்டிருந்தது. புட்டா ஒன்று பாதி பிரிந்து தொங்கியது.

காயத்ரி பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவசரமாகப் பசையைத் தொட்டு இழையை ஒட்ட வைத்தான். பசை காய்ந்ததும் அந்த இடம் கஞ்சி கொட்டினாற்போல மொடமொடத்தது. அதை மறைக்க மவுஸை எப்போதும் அதன் மேலேயே வைத்துக்கொண்டான்.

இதற்கிடையில் வரதராஜன் தினமும் போன் செய்தார். "ஜெயக்குமாரு, பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டுக்கினே இருக்காங்கப்பா. அன்னம் எங்க வரைக்கும் வந்துக்கினு இருக்குது?" என்பார். இறகு வரைக்கும் என்று சொல்வான். மறுநாளும் இறகுதான்.

காயத்ரியும் தினமும் காப்பியோடு வந்து நிற்பாள். துணியைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள். "என்னங்க, அது..." என்று ஆரம்பிப்பாள்.

"இருக்கட்டும்மா. அது இல்லாம எனக்கு வேலையே ஓடாது" என்பான். வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை அவன் சொன்னதில்லை.

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போவாள். எதிர்வீட்டு டெய்லர் அகிலா வாசலில் நின்று, "என்ன காயத்ரி, தம்பி கல்யாணம் வந்துக்கினே இருக்குதே" என்று கேட்பதும், காயத்ரி, "இன்னும் கைக்கு வரலக்கா" என்று சொல்வதும் முன்னறை வரை கேட்கும். காயத்ரியின் தம்பி சிவராஜுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புடவை தறியிலிருந்து இறங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு ஜெயக்குமார் அன்னத்தோடு போராடினான்.

கடைசியில் வழி பிறந்தது. சந்தோஷ்குமாரே போன் செய்து கூப்பிட்டார். புதிதாக வந்திருக்கிற ஒரு மவுஸ் நகரவே நகராதாம். இருந்த இடத்தில் கிடக்கும். மேலே இருக்கிற உருண்டையைக் கட்டைவிரலால் உருட்டினால் போதுமாம். கடையில் இருந்த மவுஸ்களிலேயே அதுதான் விலை அதிகம். ஜெயக்குமார் பேரம் பேசாமல் வாங்கி வந்தான்.

அற்புதமாக வேலை செய்தது. துணியின் மேல் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, அம்புக்குறி நூல் பிடித்தாற்போல நடந்தது. ஒரே ஒரு குறை. காயத்ரி வந்து பார்த்து, "இது நகராதாங்க?" என்று கேட்டாள். "அப்போ கீழ துணி தேவையே இல்லீங்களா?"

அவள் குரலில் ஏதோ ஓர் ஆவல் இருந்தது. ஜெயக்குமார் அதை ஏக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

"நகருமே" என்று சொல்லி, நகர வேண்டிய அவசியமே இல்லாத மவுஸைத் துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துக் காட்டினான். அன்று முதல் அவள் கொலுசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மவுஸைப் பிடித்துத் துணியில் தேய்ப்பான். அவள் அதைப் பார்க்கிறபோது, காலில் முள் தைத்தவள் போல முகத்தைச் சுளித்துக்கொள்வாள். இன்னும் உற்சாகம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பான்.

அன்னம் முடிந்தது. தாடியில்லாமல், இரண்டே காலோடு, கழுத்தை வளைத்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து வரதராஜனே போனில் வாய்விட்டுப் பாராட்டினார். ஜெயக்குமார் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். தொழிலையும் காப்பாற்றிவிட்டான், பெண்டாட்டியின் மனசையும் காப்பாற்றிவிட்டான். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றிய ஆண்பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழலாடியது.

அகிலா நின்றாள். கழுத்தில் அளவு எடுக்கும் நாடா தொங்கியது.

"காயத்ரி இல்லீங்களாண்ணா?"

"பிள்ளையார்பாளையம் போயிருக்குது. கல்யாண வேலை."

"இருந்தா நான் வந்து கேக்க வுடாது, அதான் இப்ப வந்தேன்" என்றபடி அகிலா மேசையருகே வந்தாள். மவுஸைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். துணியை விரலால் தடவி, பசை காய்ந்த இடத்தில் நிறுத்தி, உச்சுக் கொட்டினாள்.

"தம்பி கல்யாணத்துக்குன்னு அது ஆசை ஆசையா நெய்ஞ்ச ரவிக்கைத் துணிண்ணா இது. பூஜையில வெச்சிட்டுத் தைக்கக் குடுக்கறேன்னு சொல்லிச்சி. பூஜையில விரிச்சதைத் தொழில் செய்யறவங்க கையாலதான் எடுத்துக் குடுக்கணும், அவங்க தறிக்கார வூட்டு வழக்கம் அது. தெனமும் உங்களைக் கேட்டுப் பாக்குதாம், நீங்க இருக்கட்டும் இருக்கட்டும்னு சொல்றீங்களாம். இது இல்லாம வேலையே ஓடாதுன்னுட்டீங்களாம், அப்பறம் எப்படிக் குடுங்கன்னு கேக்கறதாம்."

ஜெயக்குமார் பசை காய்ந்த இடத்தை உள்ளங்கையால் மூடினான்.

அகிலா நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "ஊர்ல எல்லாருக்கும் ஆயுத பூஜை ஒரு நாள்ல முடிஞ்சிடுதுண்ணா. உங்க மவுஸுக்கு மட்டும் எப்பண்ணா முடியும்?"