அசையும் படத்துக்கு அனுமதி

மரீனஸ் எங்கள் நாட்டின் ஜேலாந்து மாகாணத்தில் வாய்க்கால் வாரியத்தின் அனுமதிப் பிரிவு அதிகாரி. வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் மேல் யாராவது ஒரு பலகை போட வேண்டுமென்றால் மரீனஸின் கையெழுத்து வேண்டும். போட்ட பலகையை எடுக்க வேண்டுமென்றாலும் வேண்டும். இத்தனை வருட சேவையில் அவர் எவருக்கும் அனுமதி மறுத்ததே இல்லை. "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போடுவதோடு சரி. அதற்குள் பலகை கேட்டவர் சுற்றிப் போகப் பழகிவிடுவார்.

அப்படிப்பட்டவர் இந்தக் கோடையில் காருக்குப் பின்னால் காரவன் என்னும் சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு, மனைவி நெல்லா, மகள் மாய்க்கே சகிதமாகத் தெற்கு ஃபிரான்ஸுக்குப் புறப்பட்டார். காரவனுக்குள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, மூன்று வாரத்துக்குக் காப்பித்தூள், வேர்க்கடலை வெண்ணெய், ரொட்டியில் தூவிக்கொள்ள சாக்லேட், வண்டிச் சக்கரம் போல ஒரு முழுப் பாலாடைக்கட்டி. ஃபிரான்ஸில் சாப்பாடு கிடைக்காது என்று இல்லை. கிடைக்கும், ஆனால் காசு கேட்பார்கள்.

ஊரிலிருந்து மூட்டை கட்ட முடியாத ஒரே சரக்கு இணையம்தான். அதற்கும் மரீனஸ் வழி பார்த்து வைத்திருந்தார். ஐரோப்பா முழுக்க செல்போனுக்கு வீட்டுக் கட்டணமே போதும் என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் செல்லும் நாடாகப் பார்த்துத்தான் விடுமுறைக்கே இடம் தேர்ந்தெடுத்தார். ஆனால் காரவன்களை நிறுத்தித் தங்கும் கேம்ப் இருந்ததோ இரண்டு மலைக்கு நடுவில், ஆற்றங்கரைப் பள்ளத்தில். மலைக்குச் சட்டம் தெரியவில்லை. போனில் ஒரு கோடுகூட எழும்பவில்லை.

மாய்க்கேக்கு அழுகை வந்துவிட்டது. செப்டம்பரில் அவள் க்ரோனிங்கனில் கல்லூரி சேர வேண்டும். நாட்டின் இந்த மூலையில் வீடு, அந்த மூலையில் கல்லூரி. அந்த ஊரில் மாணவர்களுக்கு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பிள்ளைகளே வட்டமாக உட்கார்ந்து, வருகிறவர்களைக் கேள்வி கேட்டு, பிடித்த ஒருவருக்கு அறையைக் கொடுப்பார்கள். பதினொரு பேர் குடியிருக்கும் ஒரு வீட்டில் மாய்க்கேயை வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் இந்த வருஷம் வேறு அறை இல்லை.

மரீனஸ் கேம்ப் அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் மதாம் லபோர்த் இருந்தாள். வருஷா வருஷம் எங்கள் ஊர்க்காரர்களோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி எங்கள் பாஷையையே கற்றுக்கொண்டவள்.

"இணையம் இருக்குங்க. ஒரு கருவிக்கு ஒரு சீட்டு. ஒரு நாளைக்கு அஞ்சு யூரோ."

"அஞ்சா! குழாய்த் தண்ணிக்கு எவ்வளவு?"

"அது சும்மா."

"குழாய் போட்டுக் கொண்டுவர்றது சும்மா. காத்துல தானா வர்றதுக்கு அஞ்சு யூரோவா?"

"ஆமா."

ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற அலுவலகத்தை மரீனஸ் அதுவரை பார்த்ததில்லை. ஆடிப்போய்த் திரும்பினார்.

அன்று சாயங்காலமே மரீனஸின் காரவன் நின்ற சி வரிசையில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடின. அந்த வரிசையில் எல்லா வண்டியும் மஞ்சள் நம்பர் பலகை, எல்லாம் எங்கள் ஆட்கள். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். உடனே டப்பா மூடப்பட்டது. மரீனஸ் எழுந்து நின்றார்.

"ஒரு சீட்டு வாங்குவோம். என்கிட்ட ரவுட்டர் இருக்கு, அதுல மாட்டி எல்லாருமாப் பங்கு போட்டுக்குவோம். அந்தம்மாவுக்கு ஒரே கருவின்னுதான் தெரியும்."

"பங்குன்னா சண்டை வருமே?" என்றார் பல் டாக்டர் ஹார்மன்.

"அதுக்குத்தான் சங்கம்" என்றார் மரீனஸ்.

எங்கள் ஊரில் மூன்று பேர் ஒரு நாயை வளர்த்தால்கூட அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர் உண்டு. ஆகவே யாரும் சிரிக்கவில்லை. சி வரிசை இணையப் பயனாளர் நலச் சங்கம் அந்த நிமிடமே உதயமாயிற்று. மரீனஸ் தலைவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை மீப் டீச்சர் செயலாளர். ஹார்மன் பொருளாளர். அவர்களோடு செயற்குழு உறுப்பினர் இருவர். ஐந்து பேரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது முதல் விதி. உறுப்பினர் எவரும் சங்கத்துக்கு வெளியே சீட்டு வாங்கி ஒற்றுமையைக் குலைக்கக் கூடாது என்பது இரண்டாவது.

முதல் நாள் அமோகமாக நடந்தது. இரண்டாம் நாள் ஹார்மன் மத்தியானம் முழுக்க சைக்கிள் பந்தயம் பார்த்தார். பந்தயம் மலைக்கு அந்தப் பக்கத்துச் சாலையில்தான் போய்க்கொண்டிருந்தது. நடந்து போய்ப் பார்த்திருக்கலாம், வெயிலாக இருந்தது. மற்றவர்களுக்கு வானிலை அறிக்கைகூட வரவில்லை. சாயங்காலம் அவசரக் கூட்டம் கூடி, தலைவர் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. இனி "அசையும் படம்" எதுவானாலும் செயற்குழுவின் முன் அனுமதி வேண்டும். படம் எதற்காக அசைகிறது, எவ்வளவு நேரம் அசையும், அசையாமல் காரியம் ஆகாதா என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும்.

"அப்பா, வியாழக்கிழமை என்னோட இண்டர்வியூ அசையும்" என்றாள் மாய்க்கே.

"விண்ணப்பம் குடும்மா. நியாயமான காரணம்தானே, ஆவன செய்வாங்க."

"எதுக்குப்பா விண்ணப்பம்? என் காசுல ஒரு நாள் சீட்டு வாங்கிக்கறேன்."

"தலைவரோட பொண்ணே வெளிய வாங்கினா சங்கம் என்னத்துக்கு ஆகும்? நாலு பேர் காறித் துப்ப மாட்டாங்க?"

நெல்லா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "மரீனஸ், நீ விடுமுறைக்கு வந்திருக்கே. ஞாபகம் இருக்கா?" என்றாள். அவருக்கு அது காதில் விழவில்லை. விதியில் இன்னொரு பிரிவு சேர்க்க யோசித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விண்ணப்பம் செயற்குழு முன் வந்தது. மீப் டீச்சர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

"தலைவரே, விண்ணப்பதாரர் உங்க பொண்ணு. நீங்க எழுந்து வெளிய போகணும்."

கூட்டம் நடந்ததோ புல்வெளியில். வெளியே என்பது எது என்று பத்து நிமிடம் விவாதித்து, காரவனுக்குப் பின்னால் உள்ள வேலிக்கு அந்தப் பக்கம் என்று முடிவானது. மரீனஸ் போய் நின்றார்.

"இப்ப நாலு பேர்தான் இருக்கோம்" என்றார் ஹார்மன். "அஞ்சு பேர் இல்லாம கூட்டம் செல்லாதே?"

"செல்லாது" என்றார் மீப் டீச்சர்.

"அப்போ நான் வந்துடட்டுமா?" என்று வேலிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க வந்தா சொந்தக்காரர் முன்னாடி முடிவெடுத்த மாதிரி ஆயிடும். போங்க."

"போனா?"

"போனா கூட்டமே இல்ல."

அந்த விதி எவ்வளவு ஓட்டையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று மரீனஸுக்கே உள்ளூரப் பெருமையாக இருந்தது. பிறகுதான் அது தன் மகளின் விண்ணப்பம் என்று உறைத்தது.

"மேல்முறையீடு செய்யலாமா டீச்சர்?"

"தாராளமா. ஆறு வாரத்துக்குள்ள பதில் சொல்லிடுவோம்."

"ஆறு வாரத்துல எல்லாரும் ஊருக்குப் போயிருப்போமே!"

"அதனால என்ன? ஊர்லதான் இணையம் இருக்கே. அங்க வச்சுப் பேசிக்கலாம்" என்றார் மீப் டீச்சர்.

வியாழக்கிழமை முழுக்க மாய்க்கே அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் தலை வாரி, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அம்மாவோடு எங்கேயோ நடந்தாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழப் போகிறாள் என்று நினைத்தார் மரீனஸ். ஒரே மகள். ஒரு வருஷம் தினமும் ரயிலில் கிடந்து அல்லாடப் போகிறாள், அதுவும் தான் எழுதிய ஒரு வரியால். அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சங்கமாவது மண்ணாங்கட்டியாவது, சீட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

ஆனால் சி வரிசையைக் கடந்துதானே அலுவலகத்துக்குப் போக வேண்டும்? நாலு பேர் பார்ப்பார்களே? மரீனஸ் டாய்லெட் காகிதச் சுருள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கேம்ப் கழிப்பறைக்கு அவரவர் சுருளை அவரவரே கொண்டு போக வேண்டும், ஆகவே சுருளோடு நடப்பவரை எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கௌரவமாக வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். கழிப்பறைக் கட்டடம் வரைக்கும் நிதானமாக நடந்தார். அங்கிருந்து சட்டென்று திரும்பி அலுவலகத்துப் பக்கம் விரைந்தார்.

ஜன்னலுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. முதலில் ஹார்மன், கையில் சுருள். அடுத்து மீப் டீச்சர், கையில் சுருள். அவருக்குப் பின்னால் செயற்குழு உறுப்பினர் இருவர், ஆளுக்கொரு சுருள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. மதாம் லபோர்த்தான் எல்லாரையும் பார்த்தாள்.

"வாங்க தலைவரே! ரெண்டு மூணு நாளா உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். போன வருஷம் வரைக்கும் சி வரிசைல ஒருத்தர்கூட சீட்டு வாங்கினதில்ல. உங்க சங்கம் வந்ததுலேர்ந்து எல்லா வீட்டுலேர்ந்தும் தினம் வாங்கறாங்க. வருஷா வருஷம் வந்து நடத்துங்க."

"அப்போ சங்கத்துச் சீட்டு?" என்று மரீனஸ் ஈனஸ்வரத்தில் கேட்டார்.

ஹார்மன் இருமினார். "அதை நான் புதுப்பிக்கவே இல்லீங்க. யாரும் பயன்படுத்தற மாதிரி தெரியல. எதுக்கு வீண் செலவு?"

"அப்புறம் எதுக்கய்யா தினமும் கூட்டம் போட்டோம்?"

"காப்பி நல்லா இருந்துச்சு" என்றார் ஓர் உறுப்பினர்.

மீப் டீச்சர்தான் அடுத்துப் பேசினார். வாத்தியார் புத்தி, நிற்பவர்களை எண்ணியிருந்தார்.

"அஞ்சு பேர் இருக்கோம். கூட்டம் செல்லும். குழந்தை விஷயத்தை இப்பவே முடிச்சுடலாம்."

"நான் இருக்கேனே டீச்சர், சொந்தக்காரன்?"

"எண்ணிக்கைக்கு உங்க உடம்பு போதும். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

மரீனஸ் கடமையுணர்வோடு திரும்பி நின்றார். திரும்பிய திசையில் ஒரு பெரிய மரம், அதனடியில் ஒரு மேஜை. மேஜையில் மாய்க்கே லேப்டாப்பைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெல்லா.

"வியாழக்கிழமைக்கான சீட்டை முதல் நாளே வாங்கிட்டேன்" என்றாள் நெல்லா, அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

லேப்டாப்பில் பதினொரு முகங்கள் தெரிந்தன. அந்தப் பதினொன்றும் மாய்க்கேயைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தன.

"பின்னாடி டாய்லெட் பேப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, என்ன பண்றாங்க?" என்று திரையிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

மாய்க்கே திரும்பிப் பார்த்தாள். "ஓட்டுப் போடறாங்க."

"எதுக்கு?"

"நான் உங்ககூடப் பேசலாமா கூடாதான்னு."

"அவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இந்தப் பக்கம் பாக்கறவர்?"

"எங்கப்பா."

க்ரோனிங்கனில் யாரோ நாற்காலியிலிருந்து விழும் சத்தம் கேட்டது. திரை ஒரு நிமிடம் ஊமையாயிற்று. மறுபடி குரல் வந்தபோது அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாய்க்கே, அறை உனக்குத்தான். உன்னை அங்கேயிருந்து காப்பாத்தியே ஆகணும்."

மாய்க்கே அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பின்னால் மீப் டீச்சர், "அனுமதி ஒருமனதாக வழங்கப்படுகிறது" என்று அறிவித்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் திரையில் ஒரு பெண். "எங்க வீட்டுல பதினொரு பேருக்கு ஒரே குளியலறை. தினம் காலையில அடிதடி. அங்கிள், உங்க சங்க விதியெல்லாம் எங்களுக்கு ஒத்து வருமா?"

மரீனஸ் சுருளை நெல்லாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாராளமா. முதல்ல ஒரு தலைவர் வேணும்."

"அனுபவம் உள்ளவங்களா இருந்தா நல்லது" என்றான் அந்தப் பையன். பதினொரு பேரும் யோசித்தார்கள். பிறகு பதினொரு பேரும் மாய்க்கேயைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள்.

"அம்மா, லேப்டாப்பை மூடிடு" என்றாள் மாய்க்கே.

"இரும்மா" என்றார் மரீனஸ். "கூட்டம் நடந்துக்கிட்டிருக்கு."