பதினேழு முலாம்பழமும் ஒரு குடல்வாலும்

வோனோசோபோவில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் பர்யந்தோ அவர்களுக்கு, ஹிரோஷிமா கடலோரத்திலிருந்து தம்பி த்ரியோனோ ஸலாம் கூறி எழுதிக்கொண்டது. இறைவன் கருணையால், குடல்வால் ஒன்று நீங்கலாக, நான் முழு நலம். அங்கு அம்மா, அண்ணி, பிள்ளைகள், ஆடுகள் அனைவரும் எல்லா உறுப்புகளோடும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதை முதலில் தனியாகப் படித்துவிட்டு அப்புறம் அம்மாவுக்குப் படித்துக் காட்டவும். "அறுத்தார்கள்" என்று வரும் இடத்தில் இருமிக்கொள்ளவும்.

சங்கதி இதுதான். போன மாதம் சிப்பிப் பண்ணையில், சிப்பிக் குஞ்சு ஒட்டி வளர்வதற்காகக் கம்பியில் கிளிஞ்சல் கோர்த்துக்கொண்டிருந்தபோது வலது அடிவயிற்றில் சுருக்கென்றது. வெளியே சொன்னால் முதலாளி கிஷிமோட்டோ என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார், நம் வீட்டுக்குக் கூரை ஏறாது என்ற பயத்தில் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். வலி வந்தபோதெல்லாம் பாட்டுப் பாடினேன், குரல் நன்றாக இருக்கிறது என்று கூட வேலை செய்யும் பெண்கள் பாராட்டினார்கள். மூன்றாம் நாள் பாட்டு வரவில்லை, சுருண்டு விழுந்தேன். முதலாளி என் அறைக்கு ஓடிக் காப்பீட்டு அட்டையைத் தேடியிருக்கிறார். அதைப் பயன்படுத்தினால் என் பெயருக்குக் கரும்புள்ளி விழும் என்று நினைத்து, மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, பள்ளிச் சான்றிதழோடு பெட்டி அடியில் கசங்காமல் வைத்திருந்தேன்.

"ஏன்டா, பூட்டி வச்சுப் பூஜை பண்றதுக்கா இதைக் குடுத்தாங்க? வயிறு வலிச்சா நீட்டறதுக்குத்தான்டா மாசாமாசம் கட்டுறோம்!" என்று ஆஸ்பத்திரி வரை வண்டி ஓட்டிக்கொண்டே திட்டினார். திட்டிக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். அண்ணா, அந்த மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் வேண்டிக்கொள்கிறேன்.

அறுத்தார்கள். (இங்கே இருமவும்.) செலவு முழுவதையும் காப்பீடு பார்த்துக்கொண்டது. படுத்திருக்கும் நாட்களுக்கும் படி உண்டாம். முதலாளியின் மனைவி மசாயோ அம்மா, பன்றி கலக்காத கஞ்சியைத் தன் கையாலேயே காய்ச்சித் தினமும் கொண்டுவந்தார். இவ்வளவும் எதற்காக என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

நான்காம் நாள் ஊரே திரண்டு வந்தது. பதினேழு வீட்டார், ஆளுக்கொரு முலாம்பழம், சிலர் கையில் பண உறை வேறு. போன வருடம் என்னோடு வேலை பார்த்த நம் ஊர்ப் பையன் சப்தோனோ ஊர் திரும்பியபோது இப்படித்தான் உறை கொடுத்து வழியனுப்பினார்கள். சரி, நம்மையும் அனுப்பப் போகிறார்கள், முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டுப் பழத்தோடு வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். போவதுதான் போகிறோம், மரியாதையாகப் போவோம் என்று தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாம் பெருநாளில் செய்வதுபோல் ஒவ்வொருவர் கையையும் பற்றினேன். "தெரிஞ்சும் தெரியாமலும் தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடுங்க. இனிமே பார்ப்போமோ மாட்டோமோ" என்றேன். பக்கத்துச் சிப்பி மிதவையில் வேலை பார்க்கும் கிழவர் ஹமதாவிடம், கட்டிலடியில் கிடந்த என் புது ரப்பர் பூட்ஸை ஒப்படைத்தேன்.

கிளிஞ்சல் கோர்க்கும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஒருத்தி மணியை அழுத்த, டாக்டர் ஓடிவந்து என் கண்ணில் டார்ச் அடித்தார்.

"நல்லாத்தானே இருக்கான்! சாகப்போறான்னு யாரு சொன்னது?"

"அவனேதான் சொன்னான்!" என்றார் ஹமதா, பூட்ஸை நெஞ்சோடு அணைத்தபடி.

"சாகலைங்க, ஊருக்குத்தான் போறேன்" என்றேன்.

"எந்த ஊருக்கு?" என்று முதலாளி எகிறினார். "குளிர்காலத்துல சிப்பி உடைக்கிறது யாரு, உங்க தாத்தாவா? ஒப்பந்தத்துல இன்னும் ரெண்டு வருஷம் இருக்குடா. ஒழுங்கா படுத்து எந்திரிச்சு வா!"

அந்தத் திட்டைப் போல இனிப்பான பேச்சை என் ஆயுளில் கேட்டதில்லை, அண்ணா. விக்கி விக்கி அழுதேன், தையல் வலித்தது.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளிக்குக் கொடுத்ததில் பாதி மதிப்புக்கு, அவன் குணமானதும் திருப்பித் தர வேண்டுமாம், இந்த ஊர் வழக்கம். இதற்கும் காப்பீடு உண்டா என்று கேட்டேன், மசாயோ அம்மா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார். ஆகவே நல்ல பாத்திக் துணியாகப் பதினேழு வாங்கி உடனே அனுப்பவும். அதோடு இந்த ஊருக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது. பூட்ஸ் மட்டும் போனது போனதுதான், கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

அம்மாவின் காலைத் தொட்டதாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு முத்தம், ஆடுகளுக்கு விசாரிப்பு.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
த்ரியோனோ

பின்குறிப்பு: கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். என் பூட்ஸ் ஹமதா காலுக்கு இரண்டு அளவு பெரிது. நேற்று அதைப் போட்டுக்கொண்டு மிதவையில் வழுக்கி விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். முதல் ஆளாக நான்தான் முலாம்பழத்தோடு போய் நின்றேன். "அடப்பாவி, பழம் வேற தூக்கிட்டு வந்துட்டியா! பாதி திருப்பித் தரணுமேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலுக்கு வேண்டாத அந்த இடது பூட்ஸை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இந்தா, பாதி."