ஆங்காங்காரின் முதல் நாள்

ஹாங்காங் நகரத்தை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களைவிட நன்றாக அறிந்த மனிதர் ஒருவர் சிவகாசியில் இருந்தார். அவர் அந்த ஊருக்குப் போனதில்லை என்பது ஒன்றே குறை.

லித்தோ அச்சகமொன்றில் பட்டாசு லேபிள் வரையும் ஓவியர் அவர். பழைய சீனப் பட்டாசுப் பெட்டியொன்றின் மூடி அவரிடம் அகப்பட்டது. அதில் ஒரு துறைமுகம், ஒரு குன்று, குன்றின்மேல் ஏறும் டிராம் வண்டி. அன்றுமுதல் அவர் பேச்செல்லாம் ஹாங்காங். எங்கள் பக்கத்து வாயில் ‘ஹ’ நிற்பதில்லையாதலால் அவர் பெயர் ‘ஆங்காங்கார்’ என்றாயிற்று. இலக்கணப்படி பார்த்தாலும் பொருத்தமே. வேலை நேரத்தில் தம் இருக்கை நீங்கலாக ஆங்காங்கு எல்லா இடங்களிலும் காணப்படுவார்.

லேபிள்களில் சீன எழுத்தும் அவர் கைவண்ணந்தான். பினாங்கில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய ஒருவர், ராக்கெட் லேபிளைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“எதப் பாத்துய்யா இத எழுதினீக?”

“தைலப் புட்டித் தாளப் பாத்துத்தான். எல்லாம் சீனந்தானே?”

“அந்தத் தைலத்தப் பத்து வருசம் வித்தவன்யா நான். ‘வலிக்கிற எடத்துல நல்லாத் தேய்க்கவும்’னு போட்டிருக்கு!”

ஆங்காங்கார் கலங்கவில்லை. “தப்பில்லையே. ராக்கெட்டு விட்டுக் கை சுட்டவன் தேய்ச்சுக்கிடட்டும்.”

தாமும் மனைவியும் ஹாங்காங்கில் கழிக்கப்போகும் முதல் நாளுக்கு அவர் மணிவாரியாகத் திட்டம் வைத்திருந்தார். இரண்டாம் நாளைப் பற்றிக் கேட்டால், “மொத நாளே இன்னும் முடியலியே சார்” என்பார். ஞாயிறுதோறும் விருதுநகர்ப் பேருந்தில் ஒத்திகை நடக்கும். நான் விருதுநகர்ப் பள்ளியொன்றில் ஆங்கில ஆசிரியன். சித்திரை மாதத்து ஞாயிறொன்றில் அதே பேருந்தில் ஏறினேன். ஆங்காங்காரின் மனைவி கம்பளி ஸ்வெட்டர் அணிந்து, முகத்தில் வியர்வை வழிய அமர்ந்திருந்தார்.

“ஒடம்புக்கு முடியலையாம்மா?” என்றேன்.

“இல்ல சார். ஆங்காங்குல தை மாசம் அம்புட்டுக் குளிராம். இப்பவே போட்டுப் பழகுன்னு சொல்றாக.”

“இந்தா, இங்கன பேசாத, அங்கன பாரு. கப்பல் தொறைமுகத்துக்குள்ள நொழையிது” என்றார் கணவர். வெளியே கரிசல் காடு வெடித்துக் கிடந்தது.

“ஆமத்தூரு வருதுங்க.”

“ஒனக்கு ஆமத்தூரு! எந்திரி, டிராம் ஏறணும்.”

நடத்துநர் மணியை இழுத்தார். “ஆங்காங்கெல்லாம் எறங்குங்க!”

பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சில வாரங்களில் அவர் என் வீட்டுக்கு வந்தார், பாஸ்போர்ட் விண்ணப்பத்துடன்.

“இங்கிலீசுல நீங்க எழுதி அனுப்பிவிடணும் சார். கட்டிட்டு வந்ததுலருந்து அவளுக்கு நான் ஒரு ஊரும் காட்டல. அந்த ஒருநா போதும்.”

அப்போதுதான் அது விளையாட்டன்று எனப் புரிந்தது. ஆயினும் ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் என் பேனா நின்றது. அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும், படிப்பவர்கள் எழுதிக்கொடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று தோன்றியது. படித்தவனின் கூச்சத்துக்கு எல்லையில்லை. விண்ணப்பம் மாதக்கணக்கில் என் மேசையிலேயே கிடந்தது. வாரந்தோறும் வந்து, “பதில் வந்துச்சா சார்?” என்பார். ஒருநாள், “மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள்” என்று சொல்லிவிட்டேன்.

“சர்க்காரு சொன்னா சரிதான். ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல் குடுத்துட்டேன்” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தில் அவர்களை நான் கண்டதில்லை.

மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் காலமானார். துக்கம் கேட்கப் போனவன், அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். விண்ணப்பம் என் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை என்றேன். அவர் காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நல்லதாப் போச்சு சார். எனக்குத் தண்ணியக் கண்டாலே தல சுத்தும். இருக்கன்குடி ஆத்துல மொழங்கால் தண்ணிக்கே கண்ண மூடிக்கிடுவேன். மாட்டேன்னு சொன்னா அவுக மொகம் வாடிரும்னு சும்மா இருந்தேன். நீங்கதான் என்னயக் காப்பாத்துனீக. காப்பி குடிங்க.”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று பல ஆண்டுகள் யோசித்துவிட்டேன். அவரும் சென்ற மாதம் போய்ச் சேர்ந்தார். இனிக் கேட்க ஆளில்லை. பொய்யாகவே இருந்தாலும், நான் சொன்னதைவிட எவ்வளவோ அழகான பொய் அது. ஆங்காங்காரோடு வாழ்ந்தவரல்லவா.