கணக்குக்கு மூஞ்சி தேடிய காம்பஸ்

கணக்குக்கு ஒரு மூஞ்சி உண்டு என்று நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் பழவேற்காட்டில்தான் இருந்தார். எல்லோரும் அவரைக் காம்பஸ் என்றார்கள். ஓர் ஆணியும் தூண்டில் நரம்பும் இருந்தால் எந்தப் பலகையிலும் பிசிறில்லாமல் வட்டம் போடுவார். நிஜப் பெயர் என்னவென்று ஒருமுறை கேட்டேன். "அது ரேஷன் கார்டுல கீது நைனா. கார்டு எங்க கீதுன்னுதான் தெரியல" என்றார்.

படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். ஒரே ஒரு குப்பத்தின் படகுகள்தான் அவருக்குச் சோறு போட்டன. நான் அப்போது மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு, ஆரம்பாக்கத்தில் கொஞ்ச நாள், எளாவூர் லாரிகளில் கொஞ்ச நாள் என்று அலைந்து அங்கே வந்து சேர்ந்திருந்தேன். இருவருக்கும் படுக்கை வலைக்கொட்டகையில். ஐஸ் வராத நாளில் எனக்குச் சாப்பாடு கிடையாது, படகு வராத நாளில் அவருக்கு. இரண்டும் ஒரே நாளில் வராமல் போனால் சீக்கிரம் தூங்கிவிடுவோம்.

குப்பத்தில் ஒன்பதாவது படிக்கும் செல்வி ஒருநாள் சார்ட் பேப்பரோடு வந்தாள்.

"மாமா, கணக்கு நோட்டுக்கு அட்டை வரைஞ்சுனு வரணுமாம். நல்லா இருந்தா பொன்னேரி கண்காட்சில வெப்பாங்க."

"சயின்ஸுன்னா பல்பு. வரலாறுன்னா ராஜா. கணக்குக்கு மூஞ்சி இன்னா?"

"கூட்டல், கழித்தல் போட்டுக் குடு, போதும்."

"அது கைகால். நான் மூஞ்சியக் கேக்குறேன்."

அன்றிலிருந்து கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டார். பொன்னேரி பஸ் கண்டக்டர், "சில்லறை இல்லாம நூறு ரூவாய நீட்டுவான் பாரு, அவன் மூஞ்சி" என்றார். நண்டு விற்கும் அக்கா, "வாங்கு, இல்லாட்டி எட்ட நில்லு. வெயில மறைக்கிற" என்றாள். காம்பஸ் எட்ட நின்று, ஒரு மத்தியானம் முழுக்க நண்டுகளையே பார்த்தார். பக்கவாட்டில் போகிறவற்றுக்குக் கணக்கு வராது என்று முடிவு செய்தார்.

பிறகு டச்சுக்காரர் கல்லறைக்குப் போனார். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். திரும்பி வந்து, ஒரு மண்டையோடும் அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பும் வரைந்தார். அதுவும் படகுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டில். நோட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. காம்பஸ் நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். நானும் போனேன்.

"மண்டையோடு பூஜ்ஜியம் சார். எலும்பு பெருக்கல் குறி. பூஜ்ஜியத்தால எதப் பெருக்குனாலும் செத்துப்போவுதா இல்லியா?"

கணக்கு வாத்தியார் சற்று யோசித்தார். "கணக்கு சரிதாங்க. ஆனா படிக்கிற பொண்ணு நோட்டு."

இரண்டாவது படம்தான் அவர் பிழைப்பில் கை வைத்தது. ஏரி கடலோடு சேரும் வாய்க்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எந்தப் படகு எந்த நாளில் அங்கே வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டு முடிந்ததும் அந்த வரிசையைக் கொட்டகைச் சுவரில் எழுதுவது காம்பஸ்தான். அந்தத் தடவை எழுதும்போது பாதியில் நின்றுவிட்டார்.

"நைனா, இது சுத்தி சுத்தி வருது பாரு. ஒருத்தனுக்கும் கூடல, கொறையல. இதான் மூஞ்சி."

சார்ட்டில் பெரிய வட்டம் போட்டு, சுற்றிலும் படகுகளை அதனதன் நிறத்தில் வரைந்தார். வரிசைப்படி ஆரஞ்சுப் படகுக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தது. கண்ணை உறுத்தியது. அழகுக்காகச் சிவப்பையும் அடுத்திருந்த பச்சையையும் இடம் மாற்றினார். பிறகு காய்வதற்காக, பாதியில் விட்ட வரிசையின் மேலேயே படத்தை மாட்டினார்.

விடியும் முன் பச்சைப் படகுக்காரர்கள் சுவரில் படத்தைப் பார்த்து, தங்கள் முறை என்று ஏரிக்குப் போனார்கள். முறைக்குரிய சிவப்புப் படகும் அங்கே வந்தது. இரண்டு கூட்டமும் கத்தி முடிப்பதற்குள் நீரோட்டம் மாறி, இறால் போய்விட்டது.

காலையில் குப்பத்துத் தலைவர் கொட்டகைக்கு வந்தார். "இந்தப் படம் ஊரத் தாண்டுனா, நாளைக்கு எவனாச்சும் இதக் காட்டி பாடு கேப்பான். சரியா மாத்து. இல்லாட்டி எங்க படகுல இனிமே உன் பிரஷ் படக் கூடாது."

வேறு குப்பங்களுக்கெல்லாம் சொந்தப் பெயிண்டர்கள் இருந்தார்கள். மாற்றுங்கள் என்று நான் கண்ணைக் காட்டினேன். காம்பஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்துனா மூஞ்சி கோணிக்கும் தலைவரே."

"அப்ப கிளம்பு."

"படம் அப்படியே இருக்கட்டும். படக மாத்திடறேன். சிவப்ப பச்சையாக்குறேன், பச்சைய சிவப்பாக்குறேன். பெயிண்டு என்னுது, கூலி வேணாம்."

முதலில் சிரித்தவர் சிவப்புப் படகுக்காரர். அவர் படகில் பெயிண்ட் உரிந்து பல மாதமாகியிருந்தது. "ஓசில அடிக்கிறான்னா பச்சையே இருக்கட்டும் தலைவரே. இறாலுக்கு இன்னா கலர் தெரியும்" என்றார். பச்சைக்காரரும் அவசரமாகத் தலையாட்டினார். தலைவர் படத்தையும் காம்பஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "படகுப் பேரயும் நல்லா எழுது" என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்தப் படத்தை அட்டையாகப் போட்டு நோட்டு கண்காட்சிக்குப் போனது. பரிசு யாருக்கோ. எனாமல் முழுதாகக் காயாததால், திரும்பும்போது இன்னொரு பள்ளிக்கூடத்து நோட்டையும் ஒட்டிக்கொண்டு வந்ததாகச் செல்வி சொன்னாள்.

படகுகளுக்கு நிறம் மாற்றிய அன்று நான் பழவேற்காட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு செங்கல் சூளையில் வேலை சொல்லியிருந்தார்கள். சாயங்காலப் பஸ் வந்து, நின்று, போனது. பிரஷ் கழுவ அவரிடம் மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது; நான் வாங்கிவரப் போயிருந்தேன்.