பன்னிரண்டு சாட்சிகள்

பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. நாம் சொன்னதைப் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், செய்ததைப் பிடித்துக்கொள்வார்கள். இதை நான் தெரிந்துகொண்டது ராஜபாளையத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஊரே கூடியிருந்த நேரத்தில்.

அதற்கு முன் ஒன்பது வருடம் மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். சோழபுரம் கோயில் விழாவோ, கான்சாபுரம் காதுகுத்தோ, எங்கே மேடை போட்டாலும் ஐந்தரைக் கட்டையில் உச்சத்தில் போய் நின்றுவிடுவேன். (கைதட்டல் வந்தால்தான் கீழே இறங்குவேன். அப்படி ஒரு திமிர்.) ஒரு மழைக்காலத்தில் தொண்டை கட்டியது. சளி போனது, உச்சமும் கூடவே போய்விட்டது. மேலே ஏறினால் குரல் உடைந்தது. குரல் போனவள் என்று ஊர் பேசிவிடுமோ என்று எனக்கு அப்படிப் பயம். கச்சேரிக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன். கணவரிடமும் அதே பொய்தான். அவர் காவல்துறையில் ஏட்டு. ஊரார் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர் என் பொய்யை நம்பிவிட்டார் என்றே நினைத்தேன்.

மூன்று வருடம் அப்படியே ஓடியது. மாணவி கனகாவின் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. "மிஸ், நீங்களே புதுசா ஒரு பாட்டுப் போட்டுத் தாங்க. நாங்க பன்னெண்டு பேரும் பாடுதோம்" என்றாள்.

நானே மெட்டமைத்த முதல் பாட்டு அது. அடக்கமாகப் போட்டிருக்கலாம். பழைய நினைப்பில், 'வாழ வா மகளே' என்ற இடத்தை உச்சத்துக்குத் தூக்கி வைத்தேன். போனில் பதிவு செய்தபோது அங்கே குரல் உடைந்தது. ஆறு தடவை அழித்தேன். ஏழாவது தடவை, உடைந்ததைச் சமாளித்து, எச்சில் விழுங்கி, அடுத்த வரிக்கு நழுவிவிட்டேன். சின்னப் பிள்ளைகள்தானே, கவனிக்க மாட்டார்கள் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

மறுநாளே டாக்டர் பத்து நாள் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு வெளியூர்ப் பயணம் என்று செய்தி அனுப்பினேன். (கணவரிடம் மௌன விரதம் என்று எழுதிக் காட்டினேன். அவருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.) பிள்ளைகள் கனகா வீட்டில் கூடி, அந்தப் பதிவை வைத்துத் தாங்களாகவே பழகினார்கள்.

வரவேற்பில் பாட்டு நன்றாகத்தான் தொடங்கியது. 'வாழ வா' வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை. 'மகளே'யில் பன்னிரண்டு குரலும் ஒரே நொடியில் உடைந்தன. பன்னிரண்டு பேரும் தாளம் தப்பாமல் எச்சில் விழுங்கினார்கள். பல்லவியாயிற்றே, திரும்பத் திரும்ப வந்தது. மூன்றாவது முறை தபேலாக்காரர் அந்த இடத்துக்கென்று முத்தாய்ப்பாக ஒரு தீர்மானமே வாசித்தார். நான் நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடினேன்.

"பாவம், அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் ஒண்ணாச் சளி பிடிச்சிருக்கு. வெந்நி கொண்டாங்க" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

கனகா இறங்கி ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை. "மிஸ், அந்த எடந்தான் எம்புட்டுக் கஷ்டம். நாலு நாளா வரவே இல்ல. கடைசில எல்லாருக்கும் வந்துருச்சு. சரியா இருந்துச்சா?"

'புது மாதிரி கமகம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்தும் விட்டது. அப்போது பக்கத்திலிருந்த என் கணவர் குனிந்து, மெல்லச் சொன்னார்: "ஏட்டி, பன்னெண்டு சாட்சியும் பிசகாம ஒண்ணு போலச் சொல்லுது. சம்பவம் நடந்தது உண்மதான்."

அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது பாட்டு இல்லம்மா. என் குரல் ஒடஞ்சது" என்றேன் கனகாவிடம்.

அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப கீழ எறக்கிப் பாடுவோமா, மிஸ்?"

மூன்று வருடமாக எனக்குத் தோன்றாத யோசனை அது. அடுத்த வகுப்பில் சுருதியை ஒன்றரைக் கட்டை இறக்கினேன். உடையாமல் பாடினேன். அதே சுருதியில் இப்போது மேடையிலும் பாடுகிறேன். (பழைய மாதிரிதான் நன்றாக இருந்தது என்று பிள்ளைகள் இன்னும் முனகுகிறார்கள்.)

காய்ச்சலோடு வகுப்பெடுத்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னால், கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.

"சாட்சிகள வரச்சொல்லவா?" என்பார். நான் போய்ப் படுத்துக்கொள்வேன்.