சூறாவளிச் செல்விக்குத் துணை யார்?

எங்கள் ஊரான இணுவிலின் பண்பாட்டை ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியிடமிருந்து மீட்டெடுத்த பெருமை எங்கள் சனசமூக நிலையத்தையே சாரும். அந்தப் பிள்ளை என் மகள் சாருஜா. நிலையத்தின் செயலாளர் நான். இதைவிடப் பாரபட்சமற்ற நிர்வாகம் வேறெங்கு உண்டு?

தொலைக்காட்சியில் வரும் ‘சூறாவளிச் செல்வி’ என்றால் சாருஜாவுக்கு உயிர். கையை விரித்தால் பறப்பாள், கள்வரைப் பிடிப்பாள் அந்தச் செல்வி. ஆண்டுவிழா வினோத உடைப் போட்டியில் அந்த வேடத்தில் பறந்து காட்டப்போவதாக என் மகள் பெயர் கொடுத்துவிட்டாள். ஒரு மாதமாகக் கட்டிலிலிருந்து பாய்ந்து பாய்ந்து பழகினாள்.

விடுவோமா? அவசரக் கூட்டம் கூடியது.

“உந்த நாடகத்திலை ஒரு ‘உள்நோக்கம்’ இருக்கு,” என்றார் தலைவர் மார்க்கண்டு. “அதை உறுதிப்படுத்தத்தான் நாற்பத்தாறு பாகமும் விடாமல் பாத்தனான். சிலதை ரெண்டு தரம்.”

“என்ன உள்நோக்கம், ஐயா?” என்று கேட்டேன்.

“அவ வீட்டாலை வெளிக்கிடேக்கை ஒருத்தரையும் கேக்கிறேல்லை!”

பொருளாளர் கனகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதோடை, ஒரு குமர்ப்பிள்ளை தனியப் பறக்கிறதோ? துணைக்கு ஆர்?” என்றார் அவர்.

தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. செல்வி முழுப்பாவாடை அணிவார். விரித்த தலைமுடி இரட்டைப் பின்னலாகும். பறக்கும்போது அண்ணன் டிலக்ஷன் கையைப் பிடித்திருப்பான். ஆறு மணிக்கு முன் வீடு திரும்புவார்.

வீட்டில் வாசித்துக் காட்டினேன். “உங்களுக்கென்ன விசரே? அது குழந்தையெல்லோ!” என்றாள் மனைவி உதயகலா. அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை. அவள் அங்கத்தவர் அல்ல.

விழாவன்று சாருஜா மேடையேறினாள். “எங்கை பிள்ளை, பறந்து காட்டும் பாப்பம்,” என்றார் நடுவர் நாகேஸ்வரி ரீச்சர்.

ஒரு கையை விரித்தாள். மற்றக் கை அண்ணனிடம். முன்வரிசையில் என்னைத் தேடிப்பிடித்து ஒலிவாங்கியில் கேட்டாள்: “அப்பா, பறக்கட்டோ?”

‘பற மோனை’ என்று சொல்ல என் வாய் உன்னியது. சபை என்னைப் பார்த்தது. நான் மார்க்கண்டரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எழுந்து நின்று, “அடுத்த கூட்டத்திலை முடிவெடுப்பம், பிள்ளை,” என்றேன்.

“ஓம் அப்பா,” என்றாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியால் இறங்கினாள். கைதட்டல் ஓயவில்லை. ‘ஒழுக்கத்துக்கான’ சிறப்புப் பரிசும் அவளுக்கே கிடைத்தது.

எத்தனையோ வில்லன்கள் தலைகீழாக நின்றும் சூறாவளிச் செல்வியைத் தரையிறக்க முடியவில்லை. எங்களுக்கு ஒரு கூட்டமும் ஆளுக்கொரு கோப்பை பிளேன்ரீயும் போதுமாயிருந்தது.