பிறந்த நிறை அங்கிள்

மெல்பேர்னில் இருக்கிற அத்தனை தமிழரும் பிறக்கும்போது எத்தனை கிலோ இருந்தார்கள் என்று தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அங்கிள்தான். எங்கள் புறநகரான டார்னெய்ட்டில் யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், ரோல்ஸைக் கையில் எடுக்க முதல் பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார்: "நீர் பிறக்கேக்க எத்தினை கிலோ தம்பி?" ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையின் தாயிடமே போய், "மகன் நாலரைக் கிலோவாம். பொம்பிளை வீட்டுக்குச் சொன்னனீங்களோ?" என்று கேட்டு, சாப்பாட்டுக்கு முன்னரே வெளியே அனுப்பப்பட்டார். சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், 'பிறந்த நிறை அங்கிள்' என்பதே நிலைத்துவிட்டது.

நான் பயந்தவன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டதால் எதையும் படித்துத் தெளிய வழியில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்து வைத்துவிடுவேன். அப்படிப்பட்ட நானும் மச்சான் ரவியும் நகரத்துக்கு வெளியே காணி வாங்கி இறைச்சி மாடு வளர்க்கத் தொடங்கினோம். கோயிலில் "மாடு வளர்க்கிறம்" என்று மட்டும் சொன்னோம். பால் கேட்டார்கள்.

எங்களிடம் இருந்ததெல்லாம் நாகுகள், இன்னும் ஒரு கன்றும் போடாத இளம் பசுக்கள். அவற்றில் சிவப்பி என்பது என் மனைவி பாண் துண்டு கொடுத்துப் பழக்கியது. பக்கத்துக் காணிக்காரர், கன்று பெரிதாகி வெளியே வரமுடியாமல் தன் நாகு செத்த கதையைச் சொன்ன நாளோடு என் நித்திரை போயிற்று.

நாகுகளுக்குக் காளை வாங்க ஏலத்துக்குப் போனவர்கள் நாலு பேர்: நான், ரவி, என் மனைவி, யாரும் கூப்பிடாத அங்கிள்.

ரவி ஒரு காளையின் முன்னால் அப்படியே நின்றுவிட்டான். "அத்தான், என்ன நெஞ்சு! என்ன நடை!" எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை பார்க்கிற மாதிரியே உயரம், நிறம், தோள் எல்லாம் பார்த்து முடித்தோம்.

"குடிப்பானோ எண்டும் கேளுங்கோவன்," என்றார் அங்கிள், காளைகளின் விபரம் அச்சிட்ட ஏலப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். "பிறந்த நிறையப் பாத்தனீங்களோ?"

"அங்கிள், அது இப்ப ஆயிரம் கிலோ நிக்குது. பிறக்கேக்க என்ன நிறையெண்டா எங்களுக்கென்ன?"

"உமக்கு ஒண்டுமில்லை ரவி. பெறப்போறது நீரில்லையே."

பிறகு கடைசிப் பட்டிக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே ஏச்சு வாங்கிய முகத்தோடு ஒரு காளை நின்றது. "இதுதான். தேப்பன் லேசாப் பிறந்தவன் எண்டா கன்றும் லேசா வரும். வந்த பிறகு வளரட்டும், ஆர் வேண்டாமெண்டது?"

"இதை வாங்கினா ஆக்கள் சிரிப்பினம்," என்றான் ரவி.

"நாகும் சிரிக்கும்."

அந்தக் காளையின் ஏலம் வந்தபோது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு பிள்ளை பெற்ற என் மனைவி என் கையைப் பிடித்து உயர்த்தினாள். காளை எங்களுடையதாயிற்று.

பத்து மாதம் கழித்து, சிவப்பி கன்று போடப் படுத்து முனகத் தொடங்கிய மத்தியானம் அங்கிளுக்கு போன் எடுத்து அழுதேன்.

"கன்றின்ர முன்னங்கால் ரெண்டும் தெரியுதோ? மூக்கு?"

"ஓம், ஓம்!"

"அப்ப தள்ளி நில்லும். உம்மைப் பாத்தா அதுக்கும் பயம் வரும்."

குளியலறைத் தராசைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வந்துசேர முதலே கன்று எழும்பி நின்று பால் குடித்தது. அவர் விடவில்லை. கன்றைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார். தராசு சேற்றில் புதைந்தது. சிவப்பி பின்னால் வந்து ஒரு இடி இடித்தது. சேற்றில் கிடந்தபடியே, "இருபத்தெட்டு இருக்கும்," என்று அறிவித்துவிட்டு, தன்னை இடித்தவளை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "பாருங்கோ, தாய்க்கு என்ன தென்பு!"

போன மாதம் என் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்தது. எல்லோருக்கும் போன் எடுத்தேன். எல்லோரும் ஆணோ, பெண்ணோ, ஆரைப் போல என்று கேட்டார்கள். அங்கிள் என்ன கேட்பார் என்று தெரியும், ஆகவே முந்திக்கொண்டு சொன்னேன்: "மூண்டு கிலோ இருநூறு, அங்கிள்!"

"அது கிடக்கட்டும் தம்பி," என்றார். "மகள் எப்பிடி இருக்கிறா?"